கேரள லாட்டரியை இணையத்தில் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மதிய நேரம், ஐம்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் 18,000 ரூபாயுடன் கவுண்டருக்கு வந்தார். "தம்பி, இன்றைக்கே இந்தக் கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும்" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அது வட மாநிலம் ஒன்றில், யாரோ ஒரு தனிநபர் பெயரில் இருந்த கணக்கு. எதற்காக என்று கேட்டேன். முதலில் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, கேரள லாட்டரியில் 5 லட்சம் விழுந்திருக்கிறது, ஜிஎஸ்டி கட்டினால் மாலைக்குள் பணம் வந்துவிடும் என்றார்.

சீட்டைக் காட்டச் சொன்னேன். கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். 50 ரூபாயை இணையத்தில் கட்டியதும் வாட்ஸ்அப்பில் வந்த படமாம். பெரிதாக்கிப் பார்த்தோம். சீட்டு சற்றுச் சாய்வாகப் படம் பிடிக்கப்பட்டிருந்தது. அதன் மேலிருந்த எண் மட்டும் சாயாமல் நேராக நின்றது. எண்ணைச் சுற்றியிருந்த பகுதி மற்ற இடங்களைவிட வெளுத்திருந்தது. யாருடைய சீட்டையோ படம் எடுத்து, எண்ணை அழித்துவிட்டு வேறு எண்ணை ஒட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் அதைக் காட்டியபோது அவர் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை.

அவரைப் போல வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அப்படியானால் உண்மையான வெப்சைட் எது?" முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கேரள அரசு லாட்டரி இணையத்தில் விற்கப்படுவதே இல்லை. 1967-இல் தனித் துறை தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்திய காலம் தொட்டு, அது காகிதச் சீட்டுதான். கேரளத்துக்குள் ஏஜெண்டுகளிடமும் தெருவில் விற்பவர்களிடமும் கையில் வாங்க வேண்டும். ஆகவே பத்துத் தளங்களை ஒப்பிட்டு எது நல்லது என்று ஆராய வேண்டிய வேலையே இல்லை. கேரள லாட்டரியை இணையத்தில் விற்கிறோம் என்று எந்தத் தளம் சொன்னாலும், எந்தச் செயலி சொன்னாலும், எந்த வாட்ஸ்அப் எண் சொன்னாலும் அது போலி.

அரசுத் துறைக்கு இணையதளம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதன் முகவரி 'கேரளா டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடியும். அங்கே குலுக்கல் முடிவுகளைப் பார்க்கலாம், சீட்டு வாங்க முடியாது. 'கேரளா', 'லாட்டரி', 'கவர்ன்மெண்ட்' என்ற சொற்களைக் கோத்து யார் வேண்டுமானாலும் ஒரு முகவரியைப் பதிவு செய்துகொள்ளலாம். 'ஜிஓவி டாட் இன்' என்ற வாலை மட்டும் அரசு அமைப்புகளுக்கே தருகிறார்கள். முகவரியைக் கடைசியிலிருந்து படிக்கப் பழகுங்கள். தேடலில் முதலில் வருகிறது, யானையும் சங்கும் போட்ட முத்திரை இருக்கிறது, பிளே ஸ்டோரில் கிடைக்கிறது என்பதெல்லாம் சான்றாகாது. 'கேரளா மெகா மில்லியன் லாட்டரி', 'கேரளா சம்மர் சீசன் தமாகா' போன்ற பெயர்களில் உலவிய போலிகளைப் பற்றிக் கேரளக் காவல்துறையே எச்சரித்திருக்கிறது.

அடுத்த தவறு, படத்தைச் சீட்டு என்று நம்புவது. பரிசு, காகிதத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான். பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட்டு, அந்த மூலச் சீட்டை ஒப்படைத்தால்தான் பணம். 5,000 ரூபாய் வரையிலான பரிசைக் கேரளத்திலுள்ள லாட்டரிக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் அரசு லாட்டரி அலுவலகத்துக்கோ வங்கி வழியாகவோ போக வேண்டும். குலுக்கல் நடந்தபின் குறித்த கெடுவுக்குள் சீட்டை ஒப்படைத்தாக வேண்டும். துறைக்கு உங்கள் கைபேசி எண் தெரியாது. கடையில் 50 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கியவர் யார் என்று எங்கும் பதிவாவதில்லை. அப்படியிருக்க, "வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்று உங்களைத் தேடி எப்படி அழைப்பு வரும்?

எங்கள் கவுண்டரில் நான் பார்த்த சேதமெல்லாம் மூன்றாவது தவறில்தான்: பரிசை வாங்குவதற்காகப் பணம் கட்டுவது. கணக்கை ஒரு முறை தெளிவாகப் பார்த்துவிட்டால் இந்தப் பொறியில் யாரும் விழ மாட்டார்கள். 2023-இல் கேரள லாட்டரியின் திருவோணம் பம்பர் என்ற சிறப்புக் குலுக்கலில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு, தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் கேரள எல்லையிலுள்ள வாளையாறில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அதில் ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம், அதாவது 2 கோடியே 50 லட்சம். மீதி 22 கோடியே 50 லட்சத்தில் வருமான வரி 30 சதவீதம், 6 கோடியே 75 லட்சம். இரண்டையும் பிடித்துக்கொண்டு மிச்சம் 15 கோடியே 75 லட்சம். கொடுப்பவரே பிடித்துக்கொண்டு கொடுக்கிறார். வாங்குபவர் முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை. தொகை பெரிதாக இருந்தால் வருமான வரி மீது கூடுதல் வரி வரும். அதையும் பரிசுப் பணம் வந்த பிறகு, தன் பான் எண்ணில், நேராக அரசுக்குத்தான் கட்டுகிறார். ஜிஎஸ்டி சீட்டின் விலையிலேயே அடங்கிவிட்டது. பரிசுக்கு ஜிஎஸ்டி என்று ஒன்று கிடையாது.

இந்த மோசடியில் கேட்கும் தொகை ஏறிக்கொண்டே போகும். முதலில் ஜிஎஸ்டி, அதைக் கட்டினால் முத்திரைத்தாள் கட்டணம், பிறகு ரிசர்வ் வங்கியில் பணம் நிற்கிறது, விடுவிக்க ஒரு கட்டணம். ரிசர்வ் வங்கி தனிநபர் யாருக்கும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இடையில் உங்கள் கணக்குக்கு 500 ரூபாய் அனுப்பி நம்பிக்கை ஏற்றுவதும் உண்டு. பணம் வருவதற்கு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொன்னால் கைபேசியைக் கீழே வைத்துவிடுங்கள். பணம் உள்ளே வருவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

இந்தியாவில் லாட்டரி நடத்தும் உரிமை மாநில அரசுகளுக்கு மட்டும்தான் என்று 1998-ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி, 92 என்று தொடங்கும் பாகிஸ்தான் எண்ணிலிருந்து 25 லட்சம் பரிசு என்று வரும் குரல் செய்தி இதில் எங்கேயும் சேராது. வெளிநாட்டு லாட்டரியும் அப்படியே. லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் 2000-ஆம் ஆண்டு முதலே தடுத்திருக்கின்றன. அந்தத் தளம் அந்த நாட்டில் உரிமம் பெற்றதாகவே இருந்தாலும் இங்கிருந்து அதற்குப் பணம் அனுப்புவது சட்டமீறல்.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடையின் நிழலில்தான் மூன்று எண் லாட்டரி ஓடுகிறது: கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்து, துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கும் சூதாட்டம். இது கேரள அரசு லாட்டரி அல்ல, அதன் முடிவைத் திருடி நடத்தும் வேறொரு வியாபாரம். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே இந்தக் கடனில் அழிந்தது. 'கேரளா லாட்டரி' என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் போன பிறகு செய்யும் தவறு இன்னும் வேதனையானது. வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். லாட்டரி இங்கே தடை செய்யப்பட்டதாயிற்றே, நம் மேலேயே வழக்கு வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். மோசடியில் ஏமாந்தவர் புகார் கொடுக்க அந்தத் தடை குறுக்கே நிற்காது. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், யாருக்குப் போனது என்ற விவரங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தகவல் போய்ச் சேர்ந்தால் அதை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. சில மணி நேரம் கடந்தால் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும். உரையாடலை அழித்துவிடாதீர்கள், எண்ணைத் தடுத்துவிட்டாலும் படங்களைப் பத்திரமாக வையுங்கள். ஆதார், வங்கிப் புத்தகப் படங்களையும் அனுப்பியிருந்தால் உங்கள் கிளைக்கு வந்து சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மா 18,000 ரூபாயை அவருடைய சேமிப்புக் கணக்கிலேயே போட்டுவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். 'சைபர் பிரிவு அதிகாரி' என்று ஒருவர் அழைத்தாராம். நீங்கள் ஏமாந்த 50 ரூபாயோடு நஷ்டஈடும் வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய் என்றாராம். இந்த முறை அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடலாம் என்று கைபேசியோடு வந்திருந்தார்.