கைக்குழந்தையுடன் நெடும்பயணம்: முதன்முறை கிளம்புவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

நெடும்பயணம் என்றதும் நாம் தொலைவையும் போய்ச் சேரும் நேரத்தையும்தான் முதலில் கணக்கிடுகிறோம். மடியில் ஒரு வயது நிறையாத குழந்தை இருக்கும்போது அந்தக் கணக்கு உதவாது. பால் குடிப்பது, துணியை நனைப்பது, தூங்குவது என்று இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் சுற்றே குழந்தைக்குத் தெரிந்த கடிகாரம். ஆகவே பத்து மணி நேரப் பயணத்தை நான்கைந்து பால் வேளைகளாகப் பிரித்துப் பாருங்கள். எங்கே நிறுத்துவது, எத்தனை டயப்பர் எடுப்பது, எப்போது கிளம்புவது ஆகிய எல்லாக் கேள்விகளுக்கும் அந்தப் பிரிவிலேயே விடை இருக்கிறது.

முதல் படி: கிளம்பலாமா என்பதை உறுதி செய்தல்

நிறைமாதத்தில் பிறந்து, எடையும் சீராகக் கூடிவரும் குழந்தைக்குப் பயணம் கெடுதல் அல்ல. ஆனால் முதல் இரண்டு மூன்று மாதங்களில் நோயை எதிர்க்கும் ஆற்றல் முதிர்ந்திருக்காது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் கண்டாலே அதை அவசரநிலையாகக் கருதி உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடுவழியில் அது எளிதாக இருக்காது. எனவே தள்ளிப்போட முடிகிற பயணமானால், அந்த மாதங்கள் கழியும்வரை தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து.

விமானப் பயணத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பாகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. நலமாக உள்ள குழந்தை இதைத் தாங்கிக்கொள்ளும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ள குழந்தைக்கும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் பயணச்சீட்டு வாங்காதீர்கள். பிறந்து எத்தனை நாளான குழந்தையை ஏற்றுவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி குறித்த கேள்வியைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். தட்டம்மை பரவியுள்ள பகுதிக்குச் செல்வதானால், ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு வழக்கமான வயதுக்கு முன்பாகவே ஒரு தவணை கூடுதலாகப் போடுவதுண்டு. ஊசி போட்ட பின் எதிர்ப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

இரண்டாம் படி: கிளம்பும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தல்

கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் மூன்று நாட்களுக்குக் குழந்தை பால் குடித்த நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நீளமான தூக்கம் எப்போது வருகிறது என்பது அதில் தெரிந்துவிடும். பயணத்தின் நீண்ட பகுதி அந்தத் தூக்கத்தோடு பொருந்துமாறு கிளம்பும் நேரத்தை வைத்துக்கொள்ளலாம். ரயிலிலோ விமானத்திலோ செல்வோருக்கு இரவுப் பயணம் இதனால்தான் ஒத்துவருகிறது. காரை நீங்களே ஓட்டுவதானால் இரவைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தை பிறந்த வீட்டில் பெற்றோர் ஏற்கெனவே தூக்கம் கெட்டவர்கள். அவர்களில் ஒருவர் விடிய விடிய ஓட்டுவதைவிடக் குழந்தை பகலில் சற்று அழுதுகொண்டே வருவது எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி: பை கட்டுதல்

முதன்முறை கிளம்புவோர் பெரும்பாலும் துணிகளை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டு, அவை வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். எங்கள் முதல் பயணத்தில் மாற்றுத் துணிகள் எல்லாம் பெரிய பெட்டியின் அடியில் பத்திரமாக இருக்க, குழந்தையை என் மேல்துண்டில் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதன் பிறகு கைப்பையைப் பொட்டலங்களாகக் கட்டும் முறைக்கு மாறினோம்.

முறை எளிது. மூடக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு டயப்பர், ஒரு வேளைக்குப் போதுமான ஈரத் துடைப்பான்கள், ஒரு மாற்றுடை, அழுக்கானதைப் போட்டுக் கட்ட ஒரு காலி உறை ஆகியவற்றை வைத்து மூடுங்கள். இது ஒரு பொட்டலம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று பயண நேரத்தை வகுத்து, தாமதத்துக்காக அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பத்து மணி நேரப் பயணத்துக்கு ஐந்தும் மூன்றுமாக எட்டுப் பொட்டலங்கள் வரும். இருட்டிலும் குலுக்கத்திலும், ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டே மறு கையால் ஒரே ஒரு பொட்டலத்தை எடுத்தால் வேலை முடிந்துவிடும். மாற்றும்போது கீழே விரிக்க ஒரு ரப்பர் விரிப்பும், கைகளைச் சுத்தம் செய்யும் திரவமும் பையின் வெளி அறையில் இருக்கட்டும். இவற்றோடு உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குழந்தை கக்குவது பெரும்பாலும் தன் மேல் அல்ல, தூக்கி வைத்திருப்பவர் மேல்தான்.

மருந்துகளில் வெப்பமானி, உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மருத்துவர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து ஆகிய மூன்றும் போதும். காய்ச்சல் மருந்தின் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தே அமைவதால், தற்போதைய எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டுப் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். வழியில் தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யவே கூடாது. அம்மருந்துகள் கைக்குழந்தையின் மூச்சைப் பாதிக்கக்கூடும், சில குழந்தைகளைத் தூங்க விடாமல் துடிக்கவும் வைக்கும்.

நான்காம் படி: பாலுக்கு ஏற்பாடு செய்தல்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையோடு பயணம் செய்வது எல்லாவற்றிலும் எளிது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வெயிலாக இருந்தாலும் தனியாகத் தண்ணீர் கொடுக்கத் தேவையில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தண்ணீர் வேண்டியது தாய்க்குத்தான். கழிவறை வசதி இருக்காதோ என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் வரும் தாய்மார்கள் பலர். மணிக்கணக்கில் அப்படி இருந்தால் தலைவலியும் சோர்வும்தான் மிஞ்சும். கறந்து வைத்த பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், உறைந்த ஐஸ் பைகளோடு குளிர்காப்புப் பெட்டியில் வைத்தால் 24 மணி நேரமும் கெடாது.

புட்டிப் பால் குடிக்கும் குழந்தைக்குச் சற்று உழைக்க வேண்டும். பால் மாவு கிருமி நீக்கப்பட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது அப்படி அன்று. மாவில் இருக்கக்கூடிய கிருமிகள் அழிவதற்காகத்தான், கொதித்து 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில் மாவைக் கரைத்து, பிறகு ஆற வைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். எனவே வேளைக்கு வேண்டிய மாவை அளந்து சிறு உலர்ந்த டப்பாக்களில் போட்டுக்கொண்டு, கொதித்த நீரை நல்ல ஃபிளாஸ்க்கில் தனியாக எடுத்துச் செல்லுங்கள். நெடுநேரம் ஆனால் ஃபிளாஸ்க்கிலும் சூடு இறங்கிவிடும், ஆகவே வழியில் கொதிநீர் கிடைக்கும் இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். முன்பே கரைத்துப் புட்டியில் வைத்துக்கொண்டு செல்லாதீர்கள். கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குழந்தை வாய் வைத்த புட்டியில் மிஞ்சியதை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நடுவழியில் புட்டியைக் கழுவிக் கிருமி நீக்குவது நடவாத காரியம் என்பதால், எத்தனை பால் வேளையோ அத்தனை புட்டிகள் கைவசம் இருக்கட்டும்.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் திரவங்களுக்கு 100 மில்லி என்ற வரம்பு உள்ள இடங்களிலும், குழந்தைக்கான பாலுக்கும் உணவுக்கும் பயணத் தேவைக்கேற்ற அளவில் பொதுவாக விலக்கு உண்டு. அவர்கள் கேட்கும் முன்பே எடுத்துத் தனியாக வைத்துவிட்டால் வரிசை விரைவாக நகரும். திட உணவு தொடங்கிய குழந்தைக்குப் பழகிய உணவை மட்டுமே கொடுங்கள். புதிதாக எதையும் சோதித்துப் பார்க்கும் நாள் அது அன்று.

ஐந்தாம் படி: வண்டியில் அமர்த்துதல்

காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று தோன்றும். மோதல் நிகழும் நொடியில் குழந்தை தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்னே பாயும் என்பதால், எத்தனை வலுவான கையாலும் பிடித்து நிறுத்த இயலாது. குழந்தைக்கான இருக்கையைப் பின்சீட்டில், குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்குமாறு பொருத்த வேண்டும். ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் அப்படிப் பொருத்துவது உயிருக்கு ஆபத்து. பொருத்திய பின் பெல்ட் செல்லும் இடத்தில் இருக்கையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் மீண்டும் இறுக்க வேண்டும். தோள்பட்டைப் பட்டையை விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது. தடித்த குளிர் உடையின் மேல் பட்டையை மாட்டினால் அது தளர்வாகவே இருக்கும். மெல்லிய உடையோடு பட்டையை மாட்டி, மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

சாய்ந்த இருக்கையில் தூங்கும் சிறு குழந்தையின் தலை முன்னே சரிந்து முகவாய் மார்பில் பதிந்தால் மூச்சுப் பாதை அடைபடும். அதனால் முடிந்தால் ஒரு பெரியவர் பக்கத்தில் அமர வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்துச் சமமாகப் படுக்க வைக்க வேண்டும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்த இடைவெளி இன்னும் குறைய வேண்டும். பால் கொடுப்பதும் நிறுத்திய பிறகுதான். எவ்வளவு சிறிய வேலையானாலும் குழந்தையை வண்டிக்குள் விட்டு இறங்காதீர்கள்; வெயிலில் மூடி நிற்கும் காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி உயர்ந்துவிடும்.

ரயிலானால் கீழ்ப் படுக்கையைக் கேட்டு வாங்கிக் குழந்தையைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்தால் போதும். தூளிப்பையில் மார்போடு கட்டிக்கொண்டு நடப்பவர்கள், குழந்தையின் முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிறதா, முகவாய்க்கும் மார்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விமானத்தில் குழந்தைகள் அழுவது பெரும்பாலும் காது வலியால்தான், அதுவும் ஏறும்போதைவிட இறங்கும்போது மிகுதி. வெளி அழுத்தம் கூடும்போது செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் திறந்தால்தான் அழுத்தம் சமமாகும், விழுங்கும்போது அது திறக்கும். விமானம் தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடும் என்பதால் அந்த நேரத்துக்கென்று ஒரு பால் வேளையை ஒதுக்கி வையுங்கள். முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, எண்ணிக்கையும் குறைவு. பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஆறாம் படி: அழுகையைச் சமாளித்தல்

பதறாமல் ஒரே வரிசையில் பாருங்கள். பசியா, ஏப்பம் வெளியே வரவில்லையா, டயப்பர் நனைந்திருக்கிறதா, பிடரியைத் தொட்டால் வியர்த்திருக்கிறதா அல்லது குளிர்ந்திருக்கிறதா? இவை எதுவும் இல்லையென்றால் காலுறையைக் கழற்றிப் பாருங்கள். ஒற்றைத் தலைமுடியோ நூலோ கால்விரலைச் சுற்றி இறுக்கியிருப்பது அரிதானாலும் நடப்பதுதான். அதுவும் இல்லையென்றால் தூக்கம் வந்தும் தூங்க முடியாத அழுகை. வெளிச்சத்தை மறைத்து, தோளில் சாய்த்து நடந்தால் பெரும்பாலும் அடங்கும். சக பயணிகளின் பார்வைக்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஏழாம் படி: சேர்ந்த பின் கவனிக்க வேண்டியவை

தங்கும் இடத்தில் முதல் வேலை படுக்கையைச் சரிபார்ப்பது. தலையணையும் தடித்த போர்வையும் இல்லாத, உறுதியான, சமமான பரப்பில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். காரிலிருந்து தூங்கியபடியே வந்த குழந்தையை எழுப்ப மனமில்லாமல் அந்த இருக்கையிலேயே இரவு முழுவதும் விட்டுவிடக் கூடாது. நேர வேறுபாடு ஓரிரு மணி நேரமே ஆகி, தங்குவதும் இரண்டு மூன்று நாட்களே என்றால் பழைய நேரத்திலேயே விட்டுவிடுங்கள். அதற்கு மேலானால் காலை வெளிச்சத்தில் குழந்தையை வெளியே தூக்கிச் செல்வதும், இரவில் பால் கொடுக்கும்போது மங்கிய விளக்கோடு பேச்சில்லாமல் கொடுப்பதும் சில நாட்களில் புதிய நேரத்துக்குப் பழக்கிவிடும்.

முதல் நாள் நனைந்த டயப்பர்களை எண்ணுங்கள். 24 மணி நேரத்தில் ஆறுக்குக் குறையாமல் இருந்தால் பால் போதுமான அளவு உள்ளே போயிருக்கிறது. எண்ணிக்கை மிகவும் குறைந்து, வாய் உலர்ந்து, உச்சிக்குழி உள்வாங்கி, குழந்தை துவண்டிருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால், காலியான பொட்டலங்களை அன்று மாலையே மீண்டும் நிரப்பிவிடுங்கள். திரும்பும் நாளின் பரபரப்பில் அதற்கு நேரம் கிடைக்காது.