ஃபார்மெட் அடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க: விண்டோஸும் லினக்ஸும் ஒரே லெப்டாப்புல சண்டை போட்டா என்ன செய்யணும்

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் மழை மாசம் வந்துட்டா சாயங்காலம் நாலு மணிக்கே வானம் கருத்துடும், செம்பனைக்கு மேல ஒரு இடி, மீட்டர் பெட்டியில டப்புனு ட்ரிப், வீட்டுல ஓடிட்டிருந்த கம்ப்யூட்டர் பொட்டுனு போயிடும். லெப்டாப்புல பேட்டரி இருக்கேம்பீங்க, இங்க பாதிப் பேரு லெப்டாப்புல பேட்டரி எப்பவோ செத்துப்போச்சி லா, வயர புடுங்கினா அதுவும் அவுட்டு. அந்த நேரம் பார்த்து விண்டோஸ் அப்டேட் ஓடிட்டிருந்தா சிஸ்டம் ஃபைல் பாதி எழுதினது பாதி எழுதாததுன்னு நிக்கும்.

மறுநாள் கடைக்கு தூக்கிட்டு போனா பார்த்ததும் ஒரே பதில், ஃபார்மெட், 80 வெள்ளி. போன மாசம் எதிர்வீட்டு அக்கா மகனுக்கும் இதேதான் சொல்லியிருக்காங்க. அவனோட பழைய லெப்டாப் விண்டோஸ் 11 ஏத்துக்காது, விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சி, அதனால பக்கத்துலயே லினக்ஸ் மின்ட்ங்கிற இன்னொரு சிஸ்டத்தயும் போட்டு வச்சிருந்தான். ஒரு நாள் திடீர்னு மின்ட்ட காணோம், நேரா விண்டோஸுக்கு போகுது. அக்கா என்கிட்ட கொண்டாந்தாங்க, நான் ஒரே ஒரு கீய தட்டினேன், மின்ட் வந்துடுச்சி. எந்த கீன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க. கம்பெனி லோகோ வந்து, ரெண்டு சிஸ்டத்துல எதுக்கு போகணும்னு கேக்குற மெனு வராம நேரா விண்டோஸ் போனா, இல்ல கருப்பு ஸ்கிரீன்ல கிரப்னு (அந்த மெனுவ காட்டுற லினக்ஸ் புரோகிராம்) ஏதாச்சும் எழுதி நின்னா, அது வாசல் பிரச்சினை, உள்ள வீடு நல்லாத்தான் இருக்கும். விண்டோஸ் வட்டம் சுத்தி சுத்தி நீல ஸ்கிரீன் வந்தா, இல்ல உள்ள போன பிறகு ஸ்டார்ட் மெனு திறக்கல செட்டிங்ஸ் திறக்கலன்னா சிஸ்டம் ஃபைல் கெட்டிருக்கலாம். ரெண்டும் இல்லாம எல்லாமே ஆமை மாதிரி நகர்ந்து, ஹார்ட்டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டா டிஸ்கே சாகப்போகுது. அப்ப கீழ சொல்ற கமாண்ட் எதையும் ஓட்டாதீங்க, ஸ்கேன் பண்ணப் பண்ண இன்னும் சீக்கிரம் போயிடும், மொதல்ல ஃபைல காப்பி எடுங்க. விண்டோஸ் வரலன்னாலும் மின்ட் போட்ட அதே பென்டிரைவ்ல பூட் பண்ணி, இன்ஸ்டால் பண்ணாம ட்ரை பண்ற மாதிரி திறந்தா, விண்டோஸ் டிரைவ் உள்ள போய் போட்டோ, அசைன்மெண்ட் எல்லாம் வெளி டிஸ்க்குக்கு இழுத்துடலாம். டிஸ்க் நல்லா இருந்தாலும் இத செஞ்சிட்டு மத்தத ஆரம்பிங்க.

திறக்கும்போது டிரைவ் பூட்டியிருக்குன்னு சொன்னா டிரைவ பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி, பிட்லாக்கர், ஓடுதுன்னு அர்த்தம். புது லெப்டாப் பலதுல நீங்க கேக்காமலே அது ஆன்ல இருக்கும். 48 நம்பர் கொண்ட ரெக்கவரி கீ வேணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா பெரும்பாலும் அங்க இருக்கும். பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்) கைய வைக்கிறதுக்கு முன்னாடியே அத பேப்பர்ல எழுதிக்குங்க, அதுல உள்ள செக்யூர் பூட்ட (நம்பகமான சிஸ்டத்த மட்டும் பூட் பண்ண விடுற காவல்) மாத்தினாலே சில நேரம் அந்த கீய கேக்கும், அப்புறம் முழிக்கக்கூடாது.

சரி, விண்டோஸ் உள்ள போகுது ஆனா கோளாறா இருக்கு. ஸ்டார்ட்ல ரைட் கிளிக், டெர்மினல் அட்மின் (விண்டோஸ் 10-ல பவர்ஷெல் அட்மின்னு இருக்கும்). நான் இங்க தமிழ்ல எழுதுறத நீங்க இங்கிலீஷ் எழுத்துல அடிங்க, ஒவ்வொரு ஸ்லாஷுக்கு முன்னாடியும் ஒரு ஸ்பேஸ். மொதல்ல டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த், அது முடிஞ்ச பிறகு எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ். நிறைய பேர் எஸ்எஃப்சிய மட்டும் ஓட்டிட்டு சரியாகலன்னு விட்டுடுறாங்க. தோட்டத்து ஸ்டோரு மாதிரி நினைச்சுக்குங்க, கெட்டுப்போன ஃபைலுக்கு பதிலா நல்ல ஃபைல ஸ்டோருலேர்ந்து எடுத்து போடுற மண்டோர் (மேஸ்திரி) மாதிரிதான் எஸ்எஃப்சி, ஸ்டோருல இருக்கிற சாமானே கெட்டிருந்தா அவரு எத எடுத்து போடுவாரு? டிஐஎஸ்எம்தான் விண்டோஸ் அப்டேட்லேர்ந்து நல்ல ஃபைல இறக்கி அந்த ஸ்டோர சரி பண்ணும், அதனால இண்டர்நெட் வேணும். 62 சதவீதத்துல ரொம்ப நேரம் நகராம நிக்கும், பயந்து மூடிடாதீங்க, போய் ஒரு தே ஓ குடிச்சிட்டு வாங்க.

எஸ்எஃப்சி முடிவுல கெட்ட ஃபைல் இருந்துச்சி எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்னு வந்தா ரீஸ்டார்ட் பண்ணுங்க, போதும். சிலத சரி பண்ண முடியலன்னு வந்தா ரீஸ்டார்ட் பண்ணிட்டு இன்னொரு தடவை ஓட்டுங்க. அப்பவும் அதே கதைன்னா, அதே வெர்ஷன் விண்டோஸ் ஐஎஸ்ஓ (முழு இன்ஸ்டால் ஃபைல்) இறக்கி, விண்டோஸ் உள்ள இருந்துக்கிட்டே அதுல உள்ள செட்டப்ப ஓட்டி, ஃபைலும் ஆப்பும் அப்படியே இருக்கட்டும்னு தேர்ந்தெடுத்தீங்கன்னா சிஸ்டம் ஃபைல் மட்டும் புதுசா மாறும். ஃபார்மெட்டுக்கு பதிலா நான் செய்யறது இதுதான், ஒண்ணு ரெண்டு மணி நேரம் பிடிக்கும்.

இனி ரெண்டு சிஸ்டம் வச்சிருக்கவங்களுக்கு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு விண்டோஸ்ல ஒண்ணு இருக்கு, ஷட் டவுன் பண்ணா முழுசா அணையாது, பாதி தூக்கத்துல இருக்கும், அந்த டிரைவையும் கையில புடிச்சிக்கிட்டே தூங்கும். அப்ப லினக்ஸ்லேர்ந்து அந்த டிரைவ்ல எழுதினா ஃபைல் கெடும், அதனாலதான் லினக்ஸ் பல நேரம் படிக்க மட்டும்தான் விடும். அட்மின் டெர்மினல்ல பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்னு அடிச்சா இந்த தொல்லை போகும். ரெண்டு சிஸ்டம் போட்ட அன்னைக்கே செஞ்சிருக்க வேண்டிய வேலை இது, யாரும் சொல்றதில்ல.

கடிகாரமும் சண்டை போடும். மின்ட்லேர்ந்து விண்டோஸுக்கு வந்தா நேரம் சரியா 8 மணி நேரம் பின்னாடி காட்டுதா? வைரஸ் இல்ல. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல உலக நேரத்த வைக்கும், விண்டோஸ் அத மலேசிய நேரம்னு நம்பிக்கும். லினக்ஸ் டெர்மினல்ல சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1, முடிஞ்சது.

இப்ப அந்த கீ. எஃப்12. ஆன் பண்ணதும் விடாம தட்டினா எதுல பூட் பண்ணணும்னு ஒரு லிஸ்ட் வரும். டெல், லெனோவோல எஃப்12, எச்பில எஸ்கேப் அமுக்கிட்டு எஃப்9, அசூஸ்ல எஸ்கேப், ஏசர்ல மொதல்ல பயாஸ் உள்ள போய் எஃப்12 மெனுவ ஆன் பண்ணாத்தான் வரும். லிஸ்ட்ல உபுண்டுன்னு இருந்தா அத எடுங்க, மின்ட் உபுண்டுங்கிற இன்னொரு லினக்ஸ வச்சு செஞ்சது, அதனால மின்ட் போட்டிருந்தாலும் உபுண்டுன்னுதான் காட்டும். அக்கா மகன் லெப்டாப்புல நடந்தது இவ்வளவுதான், விண்டோஸ் அப்டேட் ஒண்ணு வந்து தன் பேர வரிசையில மொதல்ல போட்டுக்கிச்சி. மின்ட் உள்ள போனதும் சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் அடிச்சா ஒவ்வொண்ணுக்கும் நாலு எழுத்து நம்பர் காட்டும், அதே கமாண்டோட -ஓ (சின்ன எழுத்து) சேர்த்து, உபுண்டு நம்பர மொதல்ல, கமா, விண்டோஸ் நம்பர்னு கொடுத்தா வரிசை திரும்பிடும்.

தலைகீழா, கிரப் மெனு வருது ஆனா விண்டோஸ காணோம்னா அதுவும் அழிஞ்சிருக்காது. கிரப் 2.06-லேர்ந்து மத்த சிஸ்டத்த தேடுற ஓஎஸ்-புரோபர் ஆஃப்ல வருது. /இடிசி/டிஃபால்ட்/கிரப் (இதுல ஸ்பேஸ் கிடையாது) ஃபைல்ல கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்னு ஒரு வரி, பேரு எல்லாம் கேப்பிட்டல்ல, கடைசி ஃபால்ஸ் மட்டும் சின்ன எழுத்துல, அப்புறம் சூடோ அப்டேட்-கிரப்.

எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்ட்னு ஒரு வரி காட்டி மெஷினே அணைஞ்சா அது 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் செஞ்ச வேலை, பழைய லினக்ஸ் பூட்ட அது தடுத்துடுச்சி, 2025 மே அப்டேட்லதான் சரி பண்ணாங்க. இன்னமும் மாட்டியிருந்தா செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணி லினக்ஸ் உள்ள போய், சூடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பிஏடி-பாலிஸி டெலீட் அடிச்சி, ரீபூட் பண்ணி திரும்ப லினக்ஸுக்கே போங்க, லினக்ஸ அப்டேட் பண்ணிட்டு, அப்புறம் செக்யூர் பூட்ட ஆன் பண்ணுங்க.

கடைசியா, விண்டோஸோட வாசலே இடிஞ்சிருந்தா. விண்டோஸ் இன்ஸ்டாலர் பென்டிரைவ்ல பூட் பண்ணி ரிப்பேர்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து டிஸ்க்பார்ட், லிஸ்ட் வால்யூம். ஃபேட்32-ன்னு போட்டு 100 எம்பி மாதிரி சின்னதா ஒண்ணு இருக்கும், அத செலக்ட் பண்ணி அசைன் லெட்டர்=எஸ் கொடுங்க. விண்டோஸ் எந்த லெட்டர்ல இருக்குன்னும் பார்த்துக்குங்க, இங்க சி டிரைவ் டி டிரைவா மாறியிருக்கலாம், அப்படின்னா கீழ சி-க்கு பதிலா டி போடுங்க. எக்ஸிட் பண்ணிட்டு பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ. வீடியோவுல சில பேர் அந்த சின்ன பார்ட்டிஷன ஃபார்மெட் பண்ண சொல்றாங்க, செய்யாதீங்க, லினக்ஸோட கிரப்பும் அதே இடத்துலதான் குடியிருக்கு, அவன் வாசலையும் சேர்த்து இடிச்சிடுவீங்க. பிசிடிபூட் ஓட்டின பிறகு விண்டோஸ் மறுபடியும் வரிசையில மொதல்ல போய் நிக்கும், மேல சொன்ன எஃப்12, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கதைய திரும்ப ஒரு தடவை.