ஹார்ட்ஃபால்ட்: டீபக்கரை எதுவரை நம்பலாம்?

கார்டெக்ஸ்-எம்4 பிராசசர் உள்ள போர்டில் ஆர்டிஓஎஸ் (பல டாஸ்க்குகளை நேரம் தவறாமல் ஓட்டும் சிறிய இயங்குதளம்) ஓட்டியவர்களுக்குப் பழகிய காட்சி இது. நிரல் திடீரென்று உறைந்துபோகும். டீபக்கரில் (ஓடும் நிரலின் உள்ளே பார்க்கும் கருவி) நிறுத்திப் பார்த்தால், பிசி (ஓட வேண்டிய கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்) ஹார்ட்ஃபால்ட் ஹேண்ட்லரின் (கடும் பிழை வந்தால் பிராசசர் தாவும் ஃபங்ஷன்) முடிவில்லாத லூப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஹேண்ட்லரையே வரிவரியாகத் துருவுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. திருட்டு நடந்த வீட்டை விட்டுவிட்டு, புகார் கொடுத்த ஸ்டேஷனில் தடயம் தேடுகிற கதை.

ஃபால்ட் போன்ற எக்செப்ஷன் வந்ததும் பிராசசரே எட்டு வேர்டுகளை ஸ்டாக்கில் போட்டுவிடும்: ஆர்0 முதல் ஆர்3 வரை, ஆர்12, எல்ஆர், பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர் என்ற ரெஜிஸ்டர்களின் மதிப்புகள். ஏழாவதாகக் கிடக்கும் பிசிதான் நமக்கு வேண்டியது; நிரல் எங்கே நின்றது என்று அதுதான் சொல்லும். சரி, எந்த ஸ்டாக்? ஹேண்ட்லரின் முதல் கட்டளையிலேயே பிரேக்பாயிண்ட் வைத்து, எல்ஆர் ரெஜிஸ்டரில் அப்போது இருப்பதைப் பாருங்கள் (ஸ்டாக்கில் கிடக்கும் எல்ஆரை அல்ல). ஹெக்ஸில் கடைசி இலக்கம் டி என்றால் பிஎஸ்பி (டாஸ்க்கின் ஸ்டாக்). 1 அல்லது 9 என்றால் எம்எஸ்பி (முதன்மை ஸ்டாக்). தவறான ஸ்டாக்கைத் திறந்தாலும் அங்கே கிடக்கும் பழைய குப்பை முகவரி மாதிரியே இருக்கும், அரை நாள் போய்விடும். முதல் கட்டளை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: ஹேண்ட்லர் வேறொரு ஃபங்ஷனை அழைத்துவிட்டால் எல்ஆர் மாறிவிடும்.

கிடைத்த பிசியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சிஎஃப்எஸ்ஆரின் (ஃபால்ட்டுக்குக் காரணம் சொல்லும் ரெஜிஸ்டர்) 10-ஆவது பிட் 1 ஆக இருந்தால், ரைட் பஃபரில் (மெமரிக்குப் போக வேண்டியவை காத்திருக்கும் இடம்) போட்ட ஒரு மதிப்பை எழுதும் முயற்சி தாமதமாகத் தோற்றிருக்கிறது. அதற்குள் பிசி சில கட்டளைகள் தாண்டியிருக்கும். ஏசிடிஎல்ஆர் என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரின் 1-ஆவது பிட்டை 1 ஆக்கி, பஃபரை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் தவறு செய்த கட்டளை கையும் களவுமாகச் சிக்கும்.

“டீபக்கரில் அந்த முகவரியைப் படிக்க முடிகிறதே, அப்புறம் ஏன் ஃபால்ட்?” இந்தக் கேள்வியில்தான் பெரிய தவறு ஒளிந்திருக்கிறது. டீபக்கர் தன் சொந்த வழியில் பஸ்ஸுக்குப் போகிறது. எந்த முகவரியை யார் தொடலாம் என்று பார்க்கும் எம்பியுவின் காவல் அதற்குக் கிடையாது. பிரிவிலேஜ் (முழு அனுமதி) இல்லாத டாஸ்க்குக்கு அதே கதவு பூட்டியிருக்கலாம். ஹேண்ட்லருக்குள் நிற்கும்போது பிராசசர் எப்போதும் பிரிவிலேஜுடன்தான் இருக்கும் என்பதால், அப்போதைய நிலையை வைத்து டாஸ்க்கை எடைபோடாதீர்கள். கண்ட்ரோல் ரெஜிஸ்டரின் 0-ஆவது பிட் 1 என்றால் டாஸ்க்குக்கு அந்த உரிமை இல்லை. சிஎஃப்எஸ்ஆரின் 1-ஆவது பிட்டும் 1 என்றால் தடுத்தது எம்பியுதான்.

இதைவிட மோசமானது சத்தமே போடாத தவறு. பிரிவிலேஜ் இல்லாத டாஸ்க், இன்டரப்டை நிறுத்தும் சிபிஎஸ்ஐடி கட்டளையைக் கொடுத்தால் ஃபால்ட் எதுவும் வராது. பிராசசர் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். பூட்டியதாக நினைத்த இடத்தில் இன்டரப்ட் புகுந்து டேட்டாவைக் கலைக்கும்.

கேபிள் செருகியிருக்கும்வரை ஒழுங்காக ஓடுகிற போர்டு, கழற்றியதும் செத்துப்போகிறதா? செமிஹோஸ்டிங் (டீபக்கர் வழியாகக் கணினியில் அச்சிடும் முறை) பிரின்ட்எஃப் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். அது உள்ளுக்குள் ஒரு பிகேபிடி (பிரேக்பாயிண்ட்) கட்டளை. கேட்க டீபக்கர் இல்லையென்றால், டீபக் மானிட்டரும் (டீபக் நிகழ்வுகளைக் கையாளும் எக்செப்ஷன்) அணைந்திருக்கும்போது, ஹார்ட்ஃபால்ட்டாகிவிடும். ரீசெட் கொடுக்காமல் கேபிளை மறுபடி செருகி, ஹார்ட்ஃபால்ட்டின் நிலை சொல்லும் ஹெச்எஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரைப் பாருங்கள்: 31-ஆவது பிட் 1 ஆக இருக்கும்.