வெயிட் குறைஞ்சதும் சிபாப் மெஷினை பரண்ல ஏத்திடாதீங்க

தண்டையார்பேட்டைல இருந்து எழுதுறேன். ஸ்லீப் ஆப்னியாக்கு, அதாவது தூங்கும்போது தொண்டை மூடி மூச்சு அடிக்கடி நின்னு போற வியாதிக்கு, மூணு வருஷமா சிபாப் மெஷின் (மாஸ்க் வழியா காத்தை உள்ள தள்ளுற மெஷின்) போட்டுதான் தூங்குறேன். போன வருஷம் ராத்திரி பரோட்டா, சனிக்கிழமை அத்தோ எல்லாத்தையும் விட்டு, விடிகாலைல திருவொற்றியூர் கடலோரம் நடந்து நடந்து 106 கிலோல இருந்து 88க்கு வந்தேன். இனிமே தூக்கம் சுலபமா வரும்னுதான் எதிர்பார்த்தேன், ஆனா நடந்தது வேற, அதுவரைக்கும் பழகிப்போயிருந்த மெஷின் திடீர்னு ஒத்துக்காம போச்சு. என்னை மாதிரியே வெயிட் குறைச்சுட்டு தடுமாறுறவங்க நம்ம ஏரியால நிறைய பேரு இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இது.

முதல்ல அந்த நம்பர் விஷயம். காலைல எழுந்து பாத்தா மெஷின் ஸ்கிரீன்ல ஏ.எச்.ஐ. 1.9னு காட்டும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது இல்ல குறையுதுங்கிற கணக்கு அது. 5க்கு கீழ இருந்தா நார்மல், 15 வரைக்கும் லேசு, 15ல இருந்து 30 நடுத்தரம், அதுக்கு மேல போனா தீவிரம். 1.9ஐ பாத்துட்டு "எனக்கு சரியாயிடுச்சு, மெஷின் வேணாம்"னு முடிவு பண்றதுதான் நான் பாத்ததுலயே பெரிய தப்பு. அது மெஷின் போட்டிருக்கும்போது இருக்கிற நம்பருங்க. பந்தல் நிக்குதேன்னு குத்துக்காலை உருவினா என்ன ஆகும்? 1981ல சிட்னில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் இந்த சிகிச்சையை முதல்ல எழுதி வெளியிட்டாரு, அன்னைலேருந்து இன்னைக்கு வரைக்கும் அது செய்யுற வேலை ஒண்ணுதான், காத்தை உள்ள தள்ளி தொண்டை மூடிக்காம தாங்கிப் பிடிக்குது. மெஷின் இல்லாம உங்க தொண்டை எப்படி இருக்குன்னு தெரியணும்னா திரும்பவும் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சை அளக்குற டெஸ்ட் எடுக்கணும், வேற வழி கிடையாது.

என் மச்சான் ஒருத்தர் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுறாரு. 12 கிலோ குறைச்சாரு, "இப்பல்லாம் குறட்டை சத்தமே அவ்வளவா இல்லங்க"ன்னு அக்கா சொன்னாங்க, அவ்வளவுதான், மெஷினை துணில சுத்தி பரண்ல வச்சுட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு விடிகாலைல ஹார்பர் போற லைன்ல வண்டி நிக்குது, இவரு கண்ணு சொருகி கால் பிரேக்ல இருந்து நழுவி வண்டி மெதுவா முன்னாடி உருள ஆரம்பிச்சிருக்கு, பக்கத்து லாரிக்காரர் ஹாரன் அடிச்சதுனாலதான் முழிச்சிருக்காரு. அப்புறம் டெஸ்ட் எடுத்தா ஏ.எச்.ஐ. 38 இருந்தது 19 ஆயிருக்கு. குறைஞ்சிருக்குதான், ஆனா இன்னும் நடுத்தரம், லாரி ஓட்டுறவருக்கு அது சின்ன விஷயமே இல்ல. குறட்டை குறைஞ்சா மூச்சு நிக்கிறதும் நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்லைங்க.

அமெரிக்காவுல விஸ்கான்சின்ல 690 பேரை நாலு வருஷம் பாத்து 2000ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, உடம்பு எடைல 10 சதவீதம் குறைஞ்சா ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறையும்னு கணக்கு வந்துச்சு. இது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனா 46 இருக்கிறவருக்கு 26 சதவீதம் போனாலும் 34 மிச்சம் இருக்கேன்னு யோசிச்சுப் பாருங்க. கொழுப்பு மட்டும் காரணம் இல்ல, தாடை அமைப்பு, டான்சில், நாக்கு, வயசு எல்லாம் சேர்ந்ததுதான். 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல டிர்செபடைட்ங்கிற எடை குறைக்கிற ஊசியை உடல் பருமனோட வர்ற ஸ்லீப் ஆப்னியாக்கு அனுமதிச்சாங்க, அதனால ஊசி போட ஆரம்பிச்ச அன்னைக்கே மெஷினை நிறுத்திடலாமான்னு கேக்குறவங்க இருக்காங்க. வேணாம்ங்க. எடை இறங்கணும், இறங்கின அப்புறம் டெஸ்ட் பண்ணணும், அதுக்கப்புறம் டாக்டர் சொல்லணும்.

அடுத்தது மாஸ்க். வெயிட் குறையும்போது கன்னம் ஒட்டும், முகமே சின்னதாயிடும், 106 கிலோல அளவெடுத்து வாங்குன மாஸ்க் குஷன் 88 கிலோ முகத்துல உக்காராது. எனக்கு மூக்குத்தண்டு ஓரமா காத்து கசிஞ்சு நேரா இடது கண்ணுல அடிக்கும், காலைல கண்ணு காஞ்சு மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும். நான் என்ன பண்ணேன்னா தினமும் ஸ்ட்ராப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து இழுத்து இறுக்கினேன், மூக்கு மேல சிவப்பா பள்ளம் விழுந்து பத்து நாள்ல தோலே உரிஞ்சிடுச்சு, லீக் மட்டும் நிக்கவே இல்ல. இறுக்க இறுக்க குஷன் நசுங்கி இன்னும் அதிகமாத்தான் கசியும். குஷன் சைஸை மாத்துங்க. கடைல உக்காந்த வாக்குல போட்டுப் பாத்துட்டு வந்துடாதீங்க, மெஷினை ஆன் பண்ணி, படுத்து, ரெண்டு பக்கமும் ஒருக்களிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. எனக்கு மீடியம் போய் ஸ்மால் வந்ததும் முதல் ராத்திரியே கண்ணு பிரச்சனை நின்னுச்சு.

லீக் இருந்தா ஹியூமிடிஃபையர் (காத்தை ஈரமாக்குற டப்பா) தண்ணியும் சீக்கிரம் தீந்துடும், ராத்திரி மூணு மணிக்கே வாய் வறண்டு எழுந்துடுவோம். அந்த அவசரத்துல மெட்ரோ வாட்டரை ஊத்தினா டப்பால வெள்ளையா உப்பு படியும். பேட்டரி கடைல விக்கிற தண்ணியும் வேணாம், அது மூச்சுல போறதுக்குன்னு தயாரிச்சது இல்ல. மெடிக்கல்ல டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்க. மணலி, எண்ணூர் பக்கம் இருக்கிறவங்க ஃபில்டரை வாரம் ஒரு தடவை எடுத்துப் பாருங்க, அந்த சாம்பல் கலர் தூசியை நீங்களே பாப்பீங்க.

பிரஷர் விஷயத்துல ரொம்ப கவனம் வேணும். எனக்கு 14ல ஃபிக்ஸ் பண்ணியிருந்தாங்க, அது பழைய உடம்புக்கு. எடை குறைஞ்சதும் அந்த 14 அதிகமாயி காத்தை முழுங்க ஆரம்பிச்சேன், காலைல வயிறு டொம்முனு இருக்கும், ஏப்பம் ஏப்பமா வரும், நான் அதை கேஸ் ட்ரபிள்னு நினைச்சு ஒரு மாசம் ஓமத்தண்ணி குடிச்சேன். தேவைக்கு மேல பிரஷர் இருந்தா சில பேருக்கு மூளையே மூச்சு விடச் சொல்லாம நிறுத்துற வேற வகை ஆப்னியா கூட வரும். அதுக்காக வீடியோ பாத்து டாக்டர் மட்டும் மாத்துற செட்டிங் மெனுக்குள்ள போய் நீங்களே குறைச்சுக்காதீங்க, கம்மியா வச்சுட்டா தொண்டை மூடுறது உங்களுக்குத் தெரியவே தெரியாது. எடை 10 சதவீதம் குறைஞ்சாலே டாக்டரைப் பாருங்க, மெஷின்ல உங்க தூக்கக் கணக்கு பதிவாகுற கார்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஆட்டோ மோட்ல 7ல இருந்து 11 வரைக்கும் வச்சுக் குடுத்தாங்க. அப்படியே பி.பி. மாத்திரை பத்தியும் கேட்டுடுங்க, எடை இறங்கினா பி.பி.யும் இறங்கும், பழைய டோஸ் அதிகமாயி தலை சுத்தலாம்.

டெஸ்ட்ல 5க்கு கீழ வந்து டாக்டரே நிறுத்தலாம்னு சொன்னாலும் மெஷினை உடனே வித்துடாதீங்க. அதே விஸ்கான்சின் ஆய்வுல, எடை 10 சதவீதம் ஏறினா ஏ.எச்.ஐ. சுமார் 32 சதவீதம் ஏறும்னும் இருக்கு, அதாவது இறங்குறதை விட வேகமா ஏறும். எனக்கு மறுபடி எடுத்த டெஸ்ட்ல 46 இருந்தது 21 ஆச்சு. மெஷின் இன்னும் கட்டில் பக்கத்துலதான் இருக்கு, அடுத்த டெஸ்ட் ஆறு மாசம் கழிச்சு.