பெக்கேஜ் ஒப்பந்தம் முடியுமுன் புதுப் போனுக்கு மாறுவது எப்படி?

திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, எக்ரிமென்ட் முடிய இன்னும் எட்டு மாசம் கிடக்கு. அதுக்குள்ள போனை மாத்தினா தண்டம் கட்டணுமா?" பெரும்பாலானவர்கள் ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. மாதப் பில் ஒப்பந்தம் உங்கள் இலக்கத்துக்கும் பெக்கேஜுக்கும் போட்டது. அந்த சிம்மை எந்தப் போனில் போட்டாலும் அது அப்படியே ஓடும். இலக்கத்தை இடையில் நிறுத்தினாலோ, சின்ன பெக்கேஜுக்கு இறங்கினாலோதான் காசு கேட்கக்கூடும்.

போனையும் அந்தக் கொம்பனியிடமே தவணைக்கு எடுத்திருந்தால் மட்டும் கவனம். கையெழுத்து வைத்த தாளை எடுங்கள். ஒப்பந்தம் முடியும் திகதி, இடையில் விட்டால் கட்டவேண்டிய தொகை, கடைசித் தவணைவரை போன் யாருக்குச் சொந்தம், இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். தாள் தொலைந்துவிட்டதென்றால் அடையாள அட்டையோடு கிளைக்குப் போய்ப் பிரதி கேளுங்கள். வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வரவேண்டாம். கடனட்டையில் 12 அல்லது 24 தவணைக்கு வாங்கிய போன் என்றால் அது வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு, சிம் கொம்பனிக்கு அதில் வேலையில்லை. போனை விற்றாலும் தவணை மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கும்.

எனக்கு உண்மையாகவே மனம் நோகிற இடம் ஒன்று உண்டு. சலுகை விலையில் புதுப் போன் என்று சொல்லி, பழைய ஒப்பந்தத்தை அழித்துப் புதிதாக 24 மாதம் எழுதிவிடுவார்கள். பாலையூற்று ரீச்சர் ஒருவருக்கு மூன்று மாதத்தில் முடிய இருந்தது அப்படித்தான் இரண்டு வருடமாக நீண்டது. பேனையைத் தொடமுன் "இது எந்தத் திகதியில் முடியும்?" என்று கேளுங்கள். பதிலைத் தாளில் காட்டச் சொல்லுங்கள்.

சரி, போன் வாங்கப் போகிறீர்கள். காசை நீட்டமுன் அந்தப் போனில் *#06# அடித்தால் 15 இலக்க எண் வரும். அதுதான் போனின் அடையாள எண். IMEI என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அது பதிவான போனா என்று பதில் வரும். பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்றும் பாருங்கள். இதற்கு முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் போன் வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. கனடாவில் 2017 டிசம்பரில் இருந்தும், பிரித்தானியாவில் 2021 டிசம்பரில் இருந்தும் கொம்பனிகள் பூட்டிய போன், அதாவது தங்கள் சிம் மட்டுமே ஓடும் போன், விற்கத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் தவணைக்கு எடுத்தது என்றால் பூட்டு இருக்க நிறையச் சாத்தியம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் கீழே கெரியர் லொக் என்ற வரி தெரியும். அதில் சிம் தடை இல்லை என்று இருக்கவேண்டும். இல்லாவிட்டால், வாங்கிக் கொடுத்தவரே அந்த நாட்டுக் கொம்பனியிடம் கேட்டுத் திறக்கவேண்டும்.

சம்பூரில் இருந்து ஒரு அம்மா வந்தார். மகன் கட்டாரில் இருந்து அனுப்பிய ஐபோன் 17. சிம் தட்டைத் திறக்கும் சின்னத் துளையைத் தேடி இரண்டு பக்கமும் அடியும் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். துளை இல்லை. கட்டார், சவூதி, குவைத், எமிரேட்ஸ், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் விற்கும் ஐபோன் 17இல் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இங்கும் பெரிய கொம்பனிகள் இ-சிம் கொடுக்கின்றன. அதே இலக்கத்தை இ-சிம்முக்கு மாற்றித் தருவார்கள், ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சிம் யார் பெயரிலோ அவர்தான் அடையாள அட்டையோடு போகவேண்டும். கணவர் டோஹாவில், சிம்மும் அவர் பெயரில் என்ற வீடுகள் இங்கு ஏராளம். அவர் லீவில் வரும்போதே பெயரை மாற்றி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பழைய சிம்மிலேயே சேமித்த பெயர்கள் இ-சிம்மோடு வராது. பழைய போனில் கொண்டாக்ட்ஸைத் திறந்து அவற்றைக் கூகுள் கணக்குக்கு ஏற்றிவிட்டுப் பிறகு கிளைக்குப் போங்கள்.

படங்கள், மெசேஜ்களைப் புதுப் போனுக்கு மாற்றும்போது பழைய போனை அழிக்க அவசரப்படாதீர்கள். இரண்டையும் சார்ஜ் போட்டு, பக்கத்தில் வைத்து, வைஃபையில் செய்யுங்கள். அன்ட்ரொய்டில் இருந்து அன்ட்ரொய்டுக்கு என்றால் வட்ஸ்அப் செட்டிங்ஸில் சட்ஸ் உள்ளே 'ட்ரான்ஸ்ஃபர் சட்ஸ்' இருக்கும், கியூஆர் கோடைக் காட்டினால் போதும். ஐபோனுக்கு மாறுகிறவர்கள் அதை முதன்முதல் செட் பண்ணும்போதே 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியால் கொண்டுவரவேண்டும். செத்துப்போன தாயின் குரல் மெசேஜ் போய்விட்டதென்று என் மேசைக்கு முன்னால் அழுதவர்கள் உண்டு. ஆகவே புதுப் போனில் நாலைந்து பழைய குரல் மெசேஜைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள். இமோ, வைபர் வைத்திருந்தால் அவற்றையும் திறந்து பாருங்கள்.

வங்கிச் செயலிகளை சிம் புதுப் போனில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு போடுங்கள், ஓடிபி அந்த இலக்கத்துக்குத்தான் வரும். ஈசி கேஷ், எம்கேஷ் என்ற போன்வழிப் பணச் சேவைகளில் உள்ள காசு இலக்கத்தோடு இருப்பது, போன் மாறினாலும் பயமில்லை.

ஒரு கிழமை புதுப் போனைப் பாவித்து, ஒன்றும் விடுபடவில்லை என்று தெரிந்தபின் பழையதை விற்கலாம். முதலில் கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள், ஐபோன் என்றால் 'ஃபைன்ட் மை'யை நிறுத்துங்கள். அப்புறம்தான் ரீசெட். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவரிடம் உங்கள் பாஸ்வேர்ட்டைக் கேட்டுக்கொண்டே நிற்கும். மெமரி கார்ட்டையும் கழற்றி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.