டெஸ்ட் 90 சதவீதம் சரி என்றால் நோயும் 90 சதவீதமா?

குடியாத்தம் பக்கம் நடந்த ஓர் இலவச முகாமில் கொடுத்த ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சித்தப்பா வேலூர் வந்து இறங்கினார். ‘பாசிட்டிவ்’ என்ற இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. “நூத்துக்குத் தொண்ணூறு சரியா சொல்ற டெஸ்டாம்டா. அப்போ எனக்கு வந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?” இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பலரும் தடுமாறும் இடம் இதுதான். நோய் உள்ளவரை டெஸ்ட் கண்டுபிடிக்கும் வாய்ப்பு வேறு, பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு வேறு. ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஓர் உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முகாமுக்கு 1000 பேர் வருகிறார்கள், 10 பேருக்கு நோய். அதில் 9 பேரை டெஸ்ட் பிடிக்கிறது. நோயில்லாத 990 பேரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் காட்டினால் அது 99 பேர். மொத்தப் பாசிட்டிவ் 108, உண்மையில் நோயாளிகள் 9. பன்னிரண்டு பேரில் ஒருவர்.

“மீதிப் பதினோரு பேருக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டவர், அப்புறம்தான் டீயைக் கையில் எடுத்தார்.

சரி, பாசிட்டிவ் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்று இதைப் புரிந்துகொள்வது அதைவிடப் பெரிய தவறு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பக்கத்தில், காந்தி ரோடு லாட்ஜ்களில் சிகிச்சைக்காகத் தங்கியிருப்பவர்களைப் பாருங்கள். பல மாதத் தொந்தரவோடு, ஊர் டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு வந்தவர்கள். அப்படிப்பட்ட 1000 பேரில் 300 பேருக்கு நோய் இருக்கிறது என்று வையுங்கள். அதே டெஸ்டில் 340 பேருக்குப் பாசிட்டிவ் வரும், அதில் 270 பேர் நோயாளிகள், 70 பேருக்குத்தான் தப்பாக வந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பேர். அதனால் சித்தப்பாவையும் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.

இந்தக் கணக்குக்கு அடிப்படை, ஆங்கிலேயப் பாதிரியாரும் கணித அறிஞருமான தாமஸ் பேயஸ் இறந்த பின் 1763-இல் வெளியான கட்டுரை. மனித மனம் இப்படித்தான் கணக்குப் போடுகிறதா என்று 1960-களில் அமெரிக்க உளவியலாளர் வார்ட் எட்வர்ட்ஸ் சோதித்தார். புதுத் தகவல் வந்தாலும் மக்கள் கருத்தைப் போதிய அளவு மாற்றுவதில்லை என்றார். 1970-களில் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் நேர் எதிரானதைக் கண்டார்கள்: கண்முன் இருக்கும் தகவலில் மயங்கி, மொத்தத்தில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்பதையே விட்டுவிடுகிறோம். இதை வைத்து மனிதனுக்குக் கணக்கே வராது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சதவீதத்தை விட்டு ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்று சொன்னால் நிறையப் பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்று ஜெர்மன் உளவியலாளர் கிகெரென்சர் காட்டினார். சித்தப்பா எட்டாவது வரைதான் படித்தவர். அவருக்கும் புரிந்தது.

வாய்ப்புக் கணக்கில் ஆற்றங்கரையில் மனை பார்ப்பவர்களும் இப்படித் தடுமாறுவதுண்டு. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது, “வந்துடுச்சு, இனி நூறு வருஷத்துக்கு வராது” என்று பேசிக்கொண்டார்கள். ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள். போன வருஷம் வந்தது ஆற்றுக்கு நினைவிருக்காது. 30 வருஷக் கடனில் அங்கே வீடு கட்டுபவர் கடன் அடைப்பதற்குள் அப்படியொரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று.