எண்களை அனுப்பினால் போதாது: நெஞ்சு நோயாளியை வீட்டிலிருந்தே கண்காணிக்கும் முறை

இதயச் செயலிழப்போ, சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உள்ளவரை வீட்டிலிருந்தே கண்காணிப்பதென்றால், கருவி வாங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: இவருக்கு வழக்கமான அளவு எது, எதைத் தாண்டினால் சொல்ல வேண்டும், சொன்னால் யார், எப்போது பார்ப்பார்கள்? தண்டையார்பேட்டையில் என் தந்தைக்காக முதல் இரண்டு வாரம் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்களை எவருமே திறந்து பார்க்கவில்லை. மூன்றாவது கேள்வியைக் கேட்காதது என் பிழை.

இதய நோயாளிக்கு முதல் கருவி எடை பார்க்கும் மெஷின்தான். உடலில் நீர் கோப்பது, கால் வீங்குவதற்கு முன்பே பெரும்பாலும் எடையில் தெரிந்துவிடும். காலையில் சிறுநீர் கழித்தபின், காபி குடிக்குமுன், ஒரே மாதிரி உடையில் பார்க்க வேண்டும். மேடுபள்ளமான கடப்பாக்கல் தரையில் மெஷின் இடத்துக்கு இடம் மாற்றிக் காட்டும் என்பதால், சமமான ஓரிடத்தைத் தேர்ந்து சாக்பீஸால் கட்டம் போட்டுவிடுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், மருத்துவர் வேறு வரம்பு சொல்லியிராத நிலையில், அன்றே தெரிவிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள். உப்புக்கும் திங்கட்கிழமை எடைக்கும் உள்ள உறவு அப்போது விளங்கும். நீர் மாத்திரையை நாமாகக் கூட்டக் கூடாது.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டரைப் பொறுத்தவரை, மாடிப்படி ஏறி வந்தவுடன் அளப்பதும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் அளப்பதும் ஒன்றல்ல. நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி, குளிர்ந்த விரல் ஆகியவை அளவைக் கெடுக்கும். கறுத்த தோலில் சில கருவிகள் உள்ளதைவிடக் கூட்டியும் காட்டும். எண் நிலைத்தபின்பே எழுத வேண்டும். எதிரில் நின்று படிப்பவருக்கு 98 என்பது தலைகீழாக 86 ஆகத் தெரியும். அப்படித் தவறாகப் படித்துப் பதறி, எங்கள் வீட்டில் ஒரு நள்ளிரவில் ஆட்டோ வரைக்கும் போய்விட்டோம். சி.ஓ.பி.டி. முற்றிய பலருக்கு மருத்துவர்கள் 88 முதல் 92 வரையே இலக்காக வைக்கிறார்கள். 90 போதாதென்று, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரின் அளவை நாமே ஏற்றினால், இரத்தத்தில் கரியமில வாயு கூடி நோயாளி மயங்கிப்போகலாம்.

இரத்த அழுத்தத்துக்கு, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமீது வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்தால் போதும்.

கருவி காட்டாதவற்றையும் எழுத வேண்டும்: படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று இரவில் எத்தனை தலையணை வைத்தார், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதா, இன்ஹேலரை வழக்கத்தைவிட எத்தனை முறை கூடுதலாக இழுத்தார். போகிப் புகை சூழும் நாள்களிலும், மணலி, எண்ணூர்ப் பக்கமிருந்து நெடி வீசும் நாள்களிலும் ஜன்னலைச் சாத்திவிட்டு, மாலையில் இன்னொரு முறை அளப்பது நல்லது.

பேச்சு பாதியில் முறிகிற அளவுக்கு மூச்சிரைத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழப்பமோ அசாதாரணத் தூக்கமோ வந்தாலோ, எண் என்னவாக இருந்தாலும் சரி, செய்தி அனுப்பிவிட்டுக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இந்த நோட்டும், அதன் அட்டையில் ஒட்டிய மருந்துச் சீட்டும் கேட்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது வாசற்கதவின் ஆணியில், சாவிக்கொத்தோடு தொங்குகிறது.